முதல் பிரான்ஸ் கார்ப் பயணம்: எந்த நாட்டுப்புறத்தைத் தேர்ந்தெடுப்பது?

பத்து நாள் விடுப்பில் கடலுக்குள் நிற்கும் மடாலயக் குன்றான மோன் சான் மிஷேல், லுவார் ஆற்றங்கரை மாளிகைகள், லாவெண்டர் வயல்கள், ஆல்ப்ஸ் மலை, ஸ்ட்ராஸ்பூர்க் ஆகிய ஐந்தையும் காரிலேயே சுற்றிவிடலாம் என்று என் மைத்துனர் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வந்தார். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து உலகப் படத்தை விரித்தால் பிரான்ஸ் சிறிய நாடாகத்தான் தெரியும். ஆனால் ஐரோப்பாவில் உள்ள பிரான்சின் பரப்பு ஏறக்குறைய 5,50,000 சதுர கி.மீ.; தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கி.மீ. நான்கு தமிழ்நாடுகளைச் சேர்த்து வைத்தாலும் பிரான்ஸ் சற்று மிஞ்சி நிற்கும். அந்தப் பட்டியலைப் பின்பற்றினால் பத்து நாளில் பாதி நெடுஞ்சாலையின் சுங்கச் சாவடிகளைப் பார்ப்பதிலேயே கழியும் என்று சொல்லி, ஐந்தில் நான்கை அடிக்க வைப்பதற்கு எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன. அந்த இரண்டு மாலைகளில் பேசியதன் ஒழுங்குபடுத்திய வடிவமே இக்கட்டுரை.

முதல் பயணத்துக்கு ஒரே ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வட்டாரத்திலும் நாற்பது கி.மீ. சுற்றளவுக்குள் அடங்கும் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். நவதிருப்பதியை ஒரே நாளில் முடித்துவிட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்: எந்தக் கோயிலில் எந்தப் பெருமாள் நின்றார், எதில் கிடந்தார் என்று கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். பொருநைக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே இப்படி என்றால், மொழி தெரியாத நாட்டில், சாலையின் மறுபக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு எவ்வளவு மனத்தில் நிற்கும்?

வட்டாரத்தைப் பெரும்பாலோர் புகைப்படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊதா நிற வயலின் படம் ஒன்று கைபேசியில் வந்ததும் தெற்குப் பிரான்சின் புரோவான்ஸ் என்று முடிவாகிவிடுகிறது. நான் சொல்லும் முறையில் படம் கடைசியில்தான் வரும். எந்த மாதம் போகிறோம், எத்தகைய சாலை, இறங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், வீட்டார் என்ன சாப்பிடுவார்கள் என்ற நான்கையும் முதலில் கேட்டுக்கொண்டால், தேர்வு பெரும்பாலும் தானாகவே ஒன்றிரண்டு வட்டாரங்களுக்குள் சுருங்கிவிடும்.

மாதம் முடிவு செய்வது

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு இல்லை. ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் கிடைக்கும். இது பிரான்சைப் பொறுத்தவரை நல்ல காலமே. வெயில் இதமாக இருக்கும். மரங்கள் புதிதாகத் துளிர்த்திருக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதக் கூட்டமும் விலையும் இராது. ஆனால் லாவெண்டர் மே மாதத்தில் பூப்பதில்லை. புரோவான்சின் தாழ்ந்த நிலங்களில் ஜூன் பிற்பகுதியில் நிறம் ஏறத் தொடங்கி, ஜூலை நடுவில் அறுவடை ஆரம்பமாகிவிடும். உயரமான சோ ஊர்ப் பக்கம் மட்டும் சற்றுப் பின்தங்கும். மே மாதத்தில் வலான்சோல் மேட்டுநிலத்துக்குப் போகிறவர் பார்க்கப்போவது வரிசை வரிசையான சாம்பல் பச்சைப் புதர்களையே. அந்தப் படத்துக்காகவே புரோவான்ஸ் என்றால், குற்றாலத்தில் சாரல் கட்டும் ஆனி மாதத்தில் குற்றாலத்தை விட்டுவிட்டுப் போகத் தயாராக வேண்டும்.

மே மாதத்தில் இன்னொரு கவனம் தேவை. மே 1, மே 8 ஆகிய இரண்டும் பிரான்சில் பொது விடுமுறை. இயேசுவின் விண்ணேற்றப் பெருவிழா வரும் வியாழக்கிழமையும் விடுமுறை. அதையடுத்த வெள்ளியையும் சேர்த்து நான்கு நாள் விடுப்பாக்கிக்கொண்டு பாரிஸ்காரர்கள் கிளம்பிவிடுவார்கள் என்பதால், அந்த வாரத்தில் அறையும் காரும் சீக்கிரமே தீர்ந்துபோகும்.

ஜூலை, ஆகஸ்டில் போவதானால் சனிக்கிழமை நெடுஞ்சாலையைத் தவிர்ப்பது முதல் விதி. அங்கே விடுமுறை வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்று வாடகைக்கு விடப்படுவதால், நாடே ஒரே நாளில் வீடு மாறும். பிசோன் ஃப்யூத்தே என்ற அரசுப் போக்குவரத்து முன்னறிவிப்புச் சேவை ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் குறித்து வைக்கிறது. கறுப்பு நாளில் தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, தைப்பூசத்துக்கு முந்திய நாள் திருச்செந்தூர்ச் சாலையை நினைவுபடுத்தும். பாதயாத்திரைப் பாட்டு மட்டும் இராது.

டிசம்பரில் போக நினைப்பவர் பகலின் நீளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரமே வேறுபாடு. வடக்குப் பிரான்சில் டிசம்பரில் எட்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும் பகல், ஜூன் மாதத்தில் பதினாறு மணி நேரம் ஆகும். குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் நாட்டுப்புறச் சாலையில் முதன்முதலாக வலப்பக்கம் ஓட்டிப் பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாலையும் கையும்

பிரான்சில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். கியர் வலக்கைக்கு வரும். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. பழகாதது கண். ரவுண்டானாவில் நாம் கடிகார முள்ளின் திசையில் சுற்றுகிறோம், அங்கே எதிர்த்திசை. வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் இருபது வருடம் சுற்றிய உடம்பு, வலப்புறமாகப் பார்த்துவிட்டு உள்ளே நுழையும். வண்டியோ இடப்புறமிருந்து வந்துகொண்டிருக்கும். பிரான்சில் ரவுண்டானாக்கள் ஏராளம் என்பதால், முதல் நாளில் மட்டும் பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் “இடப்பக்கம் பார்” என்று வாய்விட்டுச் சொல்வது பயனுள்ள வழக்கம். என் மனைவி அந்த வேலையை ஏழு நாளும் விடாமல் செய்தாள்.

இதைவிட ஆபத்தானது வலப்பக்க முன்னுரிமை என்ற விதி. பலகையோ சாலைக் குறியோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சிறு தெருவிலிருந்து வரும் வண்டிக்கே முதலுரிமை. நாம் பெரிய சாலையில் போகிறோம் என்ற பெருமை செல்லாது. வெள்ளை விளிம்புடைய மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் நம் சாலைக்கு முன்னுரிமை உண்டு; அதன் குறுக்கே கறுப்புக் கோடு போட்டிருந்தால் அந்த உரிமை முடிந்தது. ஒரு சிற்றூரில் இதை மறந்து போய், வலப்பக்கச் சந்திலிருந்து வெளியே வந்த ஒரு முதியவரின் வேனுக்கு ஒரு முழ இடைவெளியில் நான் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். அவர் ஹாரன் அடிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வைதிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

வேகத்துக்கு நெடுஞ்சாலையில் 130 கி.மீ., மழை பெய்தால் 110, நடுவே தடுப்பில்லாத இருவழி நாட்டுப்புறச் சாலையில் 2018 முதல் பொதுவாக 80, சில மாவட்டங்கள் பிறகு சில சாலைகளுக்கு 90-ஐத் திரும்பக் கொண்டுவந்தன, ஊருக்குள் 50. ஊருக்குள் 50 என்று தனியாகப் பலகை வைக்கமாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பு விளிம்பிட்ட ஊர்ப்பெயர்ப் பலகையே அந்த வரம்பின் தொடக்கம். அதே பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை வந்தால் வரம்பு முடிந்தது. கேமராக்கள் நிறைய உண்டு. அபராதக் கடிதம் வாடகை நிறுவனத்தின் வழியே வீடு தேடி வரும், அந்த நிறுவனம் உங்கள் முகவரியை எடுத்துக் கொடுத்ததற்குத் தனிக் கட்டணமும் பிடித்துக்கொள்ளும்.

80 கி.மீ. வரம்பு என்பதால் 80 கி.மீ. போய்விடலாம் என்று கணக்கிட வேண்டாம். நடுநடுவே ஊர்கள், ரவுண்டானாக்கள், டிராக்டர்கள் எல்லாம் சேர்ந்து மணிக்கு ஐம்பது கி.மீ. சராசரி கிடைத்தாலே அதிகம். கைபேசி வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

சாலையின் தன்மை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதால், கை பழகாத முதல் பயணத்தில் அதற்கே அதிக மதிப்பெண் தர வேண்டும். ஆல்ப்ஸையும் கார்சிகாத் தீவையும் முதல் பயணத்துக்கு நான் நேரடியாகவே விலக்குகிறேன். மாஞ்சோலைக்கு மணிமுத்தாற்றிலிருந்து ஏறும் சாலையை ஓட்டிய அனுபவம் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வளைவுகளை நாம் நமக்குப் பழகிய பக்கத்தில், நம் வண்டியில் ஏறுகிறோம். 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே கணவாய் போன்ற உயர்ந்த கணவாய்கள் பனியால் மே மாதத்தின் பெரும்பகுதியிலும் மூடியே கிடக்கும் என்பதால், பள்ளி விடுமுறைக்காரர்களுக்கு அவை எட்டவும் எட்டா.

இறங்கும் இடம்

திருவனந்தபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ கிளம்பி, வளைகுடாவில் விமானம் மாறி, பாரிசில் இறங்கும்போது உடம்பு ஒரு நாள் தூக்கத்தை இழந்திருக்கும். அந்த நிலையில் விமான நிலையத்திலேயே காரை எடுத்துப் பாரிசின் வளையச் சாலையில் நுழைவது, முதல் பயணத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. சார்ல் த கோல் விமான நிலையத்துக்குள்ளேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்தே ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸின் ஸ்ட்ராஸ்பூர்க், புரோவான்சின் அவிஞ்ஞோன், வடமேற்கே பிரிட்டனியின் ரென், லுவார்ப் பக்கம் தூர் நகரத்தை ஒட்டிய சான் பியேர் தெ கோர் ஆகிய இடங்களுக்கு நேரடி ரயில்கள் உண்டு. பாரிஸ் நகரத்திலிருந்து போனால் ஸ்ட்ராஸ்பூர்குக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், ரென் நகருக்கு ஒன்றரை மணி, அவிஞ்ஞோனுக்கு இரண்டே முக்கால் மணி என்ற அளவில் போய்விடலாம். ரயிலில் உறங்கிவிட்டு, அந்த ஊரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் காரை எடுப்பதே சரியான வரிசை. அந்த மறுநாள் ஞாயிறாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய ஊர்களின் வாடகை அலுவலகங்கள் பலவும் ஞாயிறன்று பூட்டியிருக்கும், சில மதிய உணவுக்கே இரண்டு மணி நேரம் பூட்டும்.

ஆகவே, கார் எடுக்கும் இடத்திலிருந்து தங்கும் வீடு முக்கால் மணி நேரத்துக்குள் இருக்கும் வட்டாரத்துக்கு முதலிடம். இந்த ஒரு கேள்வியிலேயே தென்மேற்கிலுள்ள தோர்தோன் பள்ளத்தாக்கு கீழே இறங்கிவிடுகிறது: போர்தோ வரை ரயில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் அங்கிருந்து அந்தப் பள்ளத்தாக்கின் சர்லா ஊர்ச் சுற்றுப்புறத்துக்கு முதல் நாளிலேயே இரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும்.

சாப்பாட்டுக் கேள்வி

சொதியும் இடிசாம்பாரும் சாப்பிட்டு வளர்ந்த சைவ வீட்டாருக்கு, வட்டாரத் தேர்வில் இது அலங்காரக் கேள்வி ஆகாது. தோர்தோன் பகுதியின் சமையல் வாத்தையும் வாத்துக் கொழுப்பையும் சுற்றியே நடக்கிறது. அங்கே உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில்தான் வதக்குவார்கள். அல்சாஸில் வெங்காயமும் பாலேடும் பரப்பிச் சுடும் மெல்லிய அப்பம் அருமையானது, ஆனால் அதன்மேல் லார்தோன் எனப்படும் பன்றித் துண்டுகள் தூவப்பட்டிருக்கும். பிரெஞ்சு உணவகத்தில் “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் பெரிய துண்டுகளை மட்டும் நீக்கிவிட்டு லார்தோனோடு கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு. அது அவர்கள் கணக்கில் இறைச்சியில் சேராது போலும். “ஸான் வியாந்த், ஸான் புவாஸோன், ஸான் லார்தோன்” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லப் பழகிக்கொள்வது நல்லது: இறைச்சி, மீன், பன்றித் துண்டு எதுவும் இல்லாமல் என்பது பொருள்.

சைவருக்கு மிக இணக்கமானது பிரிட்டனி என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கோதுமையோடு உறவே இல்லாத பக்வீட் தானியத்தின் மாவைக் கரைத்து, வட்டக் கல்லில் மரக்கோலால் இழுத்துச் சுடும் கலெத் என்ற பண்டம், முறுகல் தோசைக்கு மிக நெருங்கிய உறவு. முட்டையும் சீஸும் காளானும் வைத்து மடித்துத் தருவார்கள். தெற்கே புரோவான்சில் கத்தரிக்காய், தக்காளி, சீமைச் சுரைக்காய் எல்லாம் ஆலிவ் எண்ணெயில் வேகும் என்பதால் அங்கும் சிரமமில்லை.

எந்த வட்டாரமானாலும், சமையலறையோடு கூடிய ழீத் எனப்படும் விடுமுறை வீட்டை எடுத்தால் இரவுச் சாப்பாட்டுக் கவலை தீரும். உணவகங்கள் நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரையும், மாலை ஏழு முதல் ஒன்பது வரையுமே பரிமாறும். மதியம் மூன்று மணிக்குப் பசியோடு ஒரு சிற்றூருக்குள் போனால் பூட்டிய கதவுகளைப் பார்க்கலாம். பருப்புப்பொடி, ரவை, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம்; நெய்யும் பால்பொருட்களும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோக அனுமதி இல்லை, பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. சனிக்கிழமை மாலை வீட்டுக்குள் நுழைகிறவர் பாலும் அரிசியும் அன்றே வாங்கிவிட வேண்டும். ஞாயிறு பிற்பகலில் நாட்டுப்புறக் கடைகள் பெரும்பாலும் மூடிவிடும்.

வட்டாரங்கள், என் கணிப்பின்படி

முதல் பயணத்துக்கு நான் முதலில் நிறுத்துவது அல்சாஸ். ஜெர்மனி எல்லையில் ரைன் ஆற்றுக்கும் வோஜ் மலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பகுதி அது; 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்தது; ஊர்ப்பெயர்களில் ஜெர்மன் சாயல் இன்றும் ஒலிக்கும். மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலை வாங்கிக்கொள்வதால், மலைக்குக் கிழக்கே இருக்கும் கோல்மார், பிரான்சிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்றாகிவிட்டது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்ள, ஆனி ஆடியில் காற்று மட்டும் வாங்கும் நமக்கு இந்தப் புவியியலை விளக்க வேண்டியதில்லை. அந்த வறண்ட சரிவில்தான் திராட்சை விளைகிறது. 1953-இல் தொடங்கப்பட்ட ஒயின் சாலை, மார்லென்ஹைமிலிருந்து தான் வரை சுமார் 170 கி.மீ. நீள்கிறது, முழுவதையும் ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. கோல்மாரில் தங்கினால் எகிஷைம், ரிக்விர், கேசர்ஸ்பெர்க், ரிபோவில்லே ஆகிய மரச்சட்ட வீடுகள் நிறைந்த ஊர்கள் எல்லாம் இருபது கி.மீ.க்குள் அடங்கும். சமதளமும் மென்சரிவும் கலந்த சாலை. ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து கோல்மார் வரும் நெடுஞ்சாலைக்குச் சுங்கமும் இல்லை.

கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறவர்களுக்கு அல்சாஸில் ஒரு கூடுதல் மகிழ்ச்சி உண்டு. அங்கே கூரை முகட்டிலும் தேவாலயக் கோபுரத்திலும் செங்கால் நாரைகள் வண்டிச் சக்கரம் அளவுக்குக் கூடு கட்டியிருக்கும். 1970-களில் ஏறக்குறைய அற்றுப்போன இனத்தை மீட்டு எடுத்திருக்கிறார்கள். நம் கூந்தன்குளத்து மஞ்சள்மூக்கு நாரைகளைப் போலவே அவையும் ஊராரின் செல்லப்பிள்ளைகள். ஏப்ரல், மே மாதங்களில் குஞ்சுகள் கூட்டில் இருக்கும். ஒயின் சாலை என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இரத்தத்தில் மது அளவு லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு சுவைப்பு என்று தொடங்கினால் மதியத்துக்குள் அந்த அளவு தாண்டிவிடும். ஓட்டுகிறவர் திராட்சைச் சாறோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

அல்சாஸுக்கு இணையாக நான் வைப்பது லுவார்ப் பள்ளத்தாக்கு. நம் தாமிரபரணி 130 கி.மீ.கூட ஓடாமல் கடலைச் சேர்ந்துவிடுகிறது. பிரான்சின் மிக நீளமான ஆறான லுவார் ஆயிரம் கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. அதன் நடுப்பகுதியை, சுய்லியிலிருந்து ஷலோன் வரை, 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே சாலை நேராகவும் தட்டையாகவும் ஆற்றங்கரையை ஒட்டியும் போகும். வலப்பக்கம் ஓட்டப் பழக இதைவிட நல்ல இடம் பிரான்சில் கிடையாது என்பேன். அம்புவாஸ் ஊரைத் தளமாகக் கொள்ளுங்கள். லியோனார்டோ டா வின்சி தம் கடைசி மூன்று ஆண்டுகளைக் கழித்து 1519-இல் மறைந்த குளோ லூசே மாளிகை அந்த ஊரிலேயே இருக்கிறது. ஷேர் ஆற்றின் மேலேயே பாலம்போல நிற்கும் ஷெனொன்சோ சுமார் பதினைந்து கி.மீ.; ஷாம்போர் ஏறக்குறைய ஐம்பது கி.மீ.; வில்லாந்திரியின் காய்கறித் தோட்டம் நாற்பது கி.மீ. ஒரு நாளைக்கு ஒரு மாளிகை என்பது என் அளவு. இரண்டாவது மாளிகையிலேயே பிள்ளைகள் படிக்கட்டைப் பார்த்து முகம் சுளிக்கத் தொடங்குவார்கள். குறை என்னவென்றால், காட்சியில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. மலையும் பள்ளமும் வேண்டுபவருக்கு மூன்றாம் நாளில் சலிப்புத் தட்டலாம்.

புரோவான்சை நான் மூன்றாவதாக வைப்பதில் வீட்டில் எனக்கு எதிர்ப்பு உண்டு. லுபரோன் பகுதியில் கோர்த், காவிமண் நிறத்தில் சிவந்து நிற்கும் ரூசியோன் ஆகிய ஊர்கள் ஒன்றுக்கொன்று பத்து கி.மீ. தூரத்தில் இருக்கின்றன, அவிஞ்ஞோனிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், ரோமானியர் கட்டிய, ஐம்பது மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரமுள்ள போன் து கார் நீர்ப்பாலம் மறுபக்கத்தில் அரை மணி நேரம். சிக்கல் எங்கே என்றால், குன்றின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த ஊர்களுக்கு ஏறும் சாலைகள் குறுகலானவை, எதிர்வண்டிக்குப் பின்வாங்கிக் கொடுக்க நேரும். வண்டி நிறுத்த ஊருக்கு வெளியே கட்டணத் திடலில்தான் இடம். அதோடு மிஸ்ட்ரல் காற்று. ஆல்ப்ஸுக்கும் மத்திய மலைத்தொகுதிக்கும் நடுவே ரோன் பள்ளத்தாக்கில் நெருக்குண்டு தெற்கே பாயும் காற்று அது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படிப் பிதுங்கி வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறதோ அதே கதைதான்; அங்கே பழைய பண்ணைவீடுகளின் வடக்குச் சுவரில் சன்னலே வைக்கமாட்டார்கள். காற்று வீசும் நாளில் காரின் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். விட்டால் கீல் வளைந்து, முன்பணத்திலிருந்து பழுதுக்கூலி போகும். கோடையில் காட்டுத்தீ அபாயம் மிகும் நாட்களில் மலைக்காட்டுப் பாதைகளை நிர்வாகம் மூடிவிடும் என்பதையும் கணக்கில் வைக்கவும்.

பிரிட்டனியில் விரைவுச் சாலைகளுக்குச் சுங்கம் கிடையாது. மாநிலச் சாலைகளும் நல்லவை. மழை எப்போது வேண்டுமானாலும் வரும், ஆனால் நின்றும் விடும். ஆதிச்சநல்லூர் தாழிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஆயிரக்கணக்கான நெடுங்கற்கள் வரிசையாக நிற்கும் கார்னாக் வேறு வகையான வியப்பைத் தரும். 2025-இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கடலோரத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நம் உவரியிலோ மணப்பாட்டிலோ கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்கே தெரியும். சான் மாலோப் பக்கத்தில் பெரிய ஓத நாட்களில் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் வண்டி நிறுத்திய மணல் திட்டு மாலையில் கடலாகிவிடும் என்பதால், ஓத அட்டவணையைப் பார்க்காமல் கடற்கரையில் வண்டியை விடக் கூடாது.

தோர்தோன் அழகில் எதற்கும் குறைந்ததன்று. பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போரில் ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே நின்ற பெய்னாக், காஸ்தெல்னோ கோட்டைகள். பாறைச் சுவரில் சாய்ந்திருக்கும் லா ரோக் கஜாக். 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு, பார்வையாளரின் மூச்சால் ஓவியங்கள் கெட்டதனால் 1963-இல் மூடப்பட்ட லாஸ்கோக் குகை, அதன் முழு நகலாக 2016-இல் திறக்கப்பட்ட காட்சியகம் என்று ஒரு வாரமும் போதாது. வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிச் சாலைகளும், வாத்துச் சாப்பாடும், தூரமும் சேர்ந்தே அதை இரண்டாவது பயணத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்கிறேன். நார்மண்டியை 1944 ஜூன் 6-இல் நேச நாட்டுப் படைகள் இறங்கிய கடற்கரைகளுக்காகப் போகிறவர்கள் போகட்டும்; வரலாற்றில் ஈடுபாடு இல்லாத வீட்டாருக்கு அது இரண்டு நாள் ஊர்.

தேர்வைச் சோதிப்பதும் பதிவு செய்வதும்

ஒரு வட்டாரத்தை மனத்தில் முடிவு செய்ததும், உடனே பணம் கட்டாமல் ஒரு தாளில் நான்கு நாட்களை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு நாளுக்கும் வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் மொத்த ஓட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால், ஒன்று அந்த ஊரை அடித்துவிட வேண்டும், இல்லையேல் வீட்டை மாற்ற வேண்டும். சந்தை நாளையும் அந்தத் தாளிலேயே குறியுங்கள். வாரத்தில் ஒரு காலை மட்டும் கூடும் சந்தைக்காகவே சில ஊர்களுக்குப் போகலாம், அதே காலையில் அந்த ஊரின் நடுத்தெருவில் வண்டி நுழைய முடியாது. மிச்செலின் அச்சு வரைபடத்தில் காட்சிக்கு உகந்த சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருப்பார்கள். கைபேசி குறுக்குவழியைக் காட்டும்போது, அந்தப் பச்சைச் சாலையா என்று பார்த்துவிட்டுத் திரும்புவதே உத்தமம்.

கார் பதிவு செய்யும்போது தானியங்கி கியர் என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். கைக் கியர் வண்டிகளே அங்கே இன்னும் நிறைய, தானியங்கி குறைவு, வாடகையும் கூடுதல். அந்தக் கூடுதல் தொகை முதல் பயணத்தில் வீண் செலவாகாது. முன்பணம், வண்டி எடுப்பவரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டில் நிறுத்திவைக்கப்படும். மகனின் கார்டைக் கொடுத்து அப்பா வண்டி எடுக்க முடியாது. நான் ஒருமுறை டெபிட் கார்டோடு போய் நின்று, முன்பதிவு இருந்தும் வண்டியில்லாமல் திரும்பியிருக்கிறேன்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பெறலாம். விண்ணப்பம் இணையவழியே தொடங்கும், அனுமதி ஓராண்டு செல்லும், பாஸ்போர்ட், விசா, விமானச் சீட்டு நகல்களைப் பொதுவாகக் கேட்பார்கள். விசா நகலையும் கேட்கக்கூடும் என்பதால், பயணத்துக்குப் பதினைந்து நாளாவது மிச்சம் இருக்கும்படி விசா விண்ணப்பத்தை முன்தள்ளுங்கள். அங்கே அனுமதிச் சீட்டை மட்டும் காட்டினால் போதாது. அசல் ஓட்டுநர் உரிமத்தையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

காரை வாங்கும் திடலிலேயே, கிளம்புவதற்கு முன், மஞ்சள் ஒளிர்சட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் சட்டப்படி கட்டாயம், சட்டை டிக்கியில் இல்லாமல் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்ட வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பின்னிருக்கையில்தான். எரிபொருள் மூடியின் உட்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே டீசலுக்குக் கஸோல் என்று பெயர், பெட்ரோலுக்கு ஸான் ப்ளோம். ஆளில்லாத பம்பில், ஞாயிற்றுக்கிழமை மாலையில், அந்தப் படம் தேவைப்படும்.